மேன் பக்கத்தை எடிட்டரில் திறங்கள்

கணினியில் ஒரு கட்டளையை ஓட்டுவதற்கு முன் அதன் கையேட்டைப் படிக்க வேண்டும். டெர்மினலில் எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. எழுதுகிற எடிட்டருக்குள்ளேயே, எழுதிக்கொண்டிருப்பதற்குப் பக்கத்திலேயே திறந்துவைத்துப் படிக்க வேண்டும். என் தரப்பு இவ்வளவுதான். இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். "யாருண்ணா இப்பல்லாம் மேன் பேஜ் படிக்கிறா? சாட்ல கேட்டா ரெண்டு செகண்ட்ல சொல்லிடுது."

சொல்பவர்களில் சிலர் உங்களைப் போன்றவர்கள். இணைய இதழ்களில் நீண்ட கட்டுரைகளைப் பொறுமையாகப் படிப்பவர்கள். மாதக் கடைசியிலும் புத்தகக் கண்காட்சிக்குப் போய் நாவல் வாங்குபவர்கள். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு முகநூலில் விமர்சனம் எழுதும் ஆள் சிக்கினால் கிழித்துத் தொங்கவிடுபவர்கள். அதே ஆட்கள் காலையில் வேலைக்கு உட்கார்ந்ததும் பின்னட்டை வாசகர்களாக மாறிவிடுகிறார்கள். சுருக்கம் போதும், பதில் போதும், மூலம் வேண்டாம். இலக்கியத்துக்கு ஒரு வாசிப்பு, சம்பளத்துக்கு வேறொரு வாசிப்பு என்று பிரித்து வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பகல் முழுக்க எட்டு மணி நேரம் பழகும் பழக்கம்தான் இரவு நாவலைத் திறக்கும்போதும் கூடவே வரும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். லினக்ஸ், மேக் போன்ற அமைப்புகளில் கட்டளைகளை எழுத்தில் அடித்து வேலை வாங்கலாம். பெரும்பாலான கட்டளைகளுக்கு ஒரு கையேட்டுப் பக்கம் அந்தக் கணினியிலேயே இருக்கும். 'மேன்' என்று அடித்து இடம்விட்டுக் கட்டளையின் பெயரை அடித்தால் திரையில் வரும். மேன் என்பது மேனுவலின் சுருக்கம், ஆணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மேன் என்ற நிரலின் துணை இல்லாமல் எடிட்டரே அந்தப் பக்கங்களை வடிவமைத்துக் காட்டும் ஒரு வசதியைச் செய்து, 'வித்தவுட் மேன்' என்பதைச் சுருக்கி 'வுமன்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பக்கங்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல். யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கி வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், எல்லாப் பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே சட்டகம். பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், அது தொடும் கோப்புகள், மேலும் காண்க, கடைசியில் 'பக்ஸ்' என்று குறைகளின் பட்டியல். அந்த முதல் பதிப்பில் 'உரிமையாளர்' என்று ஒரு வரியும் இருந்தது. அந்த நிரலுக்கு யார் பொறுப்போ அவருடைய லாகின் பெயர் அங்கே இருக்கும். எழுதியவன் கையெழுத்துப் போட்டு, தன் படைப்பின் ஓட்டைகளையும் தானே சொல்லிவிட்டுப் போன ஆவணம் அது.

அந்தக் குறைகள் பகுதி இன்றும் பல பக்கங்களில் உயிரோடு இருக்கிறது. உலகில் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் பாஷ் ஷெல்லின் பக்கத்தைத் திறந்து கடைசிக்குப் போனால், இது ரொம்பப் பெரிதாகவும் ரொம்ப மெதுவாகவும் இருக்கிறது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் வாங்கிய எந்தச் செல்போனின் விளம்பரத்திலாவது, பயன்படுத்தும் எந்தச் செயலியின் முகப்பிலாவது இப்படி ஒரு வரியைப் பார்த்ததுண்டா?

இப்போது சாட் பதிலுக்கு வருகிறேன். அதை நான் தொடுவதே இல்லை என்று பெருமை பேசப் போவதில்லை. தெரியாத துறையில் முதல் அடி எடுத்துவைக்க நல்ல கருவி. பிரச்சினை, அது தரும் பதிலை வாசிப்புக்கு மாற்றாக எடுத்துக்கொள்வதில்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தயாரான இணையதளக் கோப்புகளைச் சர்வருக்கு அனுப்ப 'ஆர்சிங்க்' என்ற கட்டளையைப் பயன்படுத்தி வந்தார்கள். அதில் 'டெலீட்' என்ற ஆப்ஷனும் இருந்தது. அனுப்புகிற பக்கம் இல்லாத கோப்புகளைப் பெறுகிற பக்கம் அழித்துவிடு என்று அதற்கு அர்த்தம். கோப்புகள் நேராகத் தளத்தின் ஃபோல்டரில் விழாமல், உள்ளே இன்னொரு ஃபோல்டருக்குள் போய் விழுந்துகொண்டிருந்தன. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், நேராக விழ என்ன செய்வது என்று சாட்டில் கேட்டார். மூல ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் ஒரு சாய்கோடு சேருங்கள் என்று பதில் வந்தது. சரியான பதில். சேர்த்தார், ஓட்டினார், கோப்புகள் நேராக விழுந்தன. கூடவே, வாடிக்கையாளர்கள் ஏற்றி வைத்திருந்த படங்களின் ஃபோல்டர் மொத்தமும் காணாமல் போனது. சாய்கோடு இல்லாதவரை அழிக்கும் வேலை உள் ஃபோல்டரோடு நின்றிருந்தது. சாய்கோடு வந்ததும் தளத்தின் ஃபோல்டர் முழுக்க அதன் எல்லைக்குள் வந்துவிட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க இரண்டு நாள் ஆனது. அந்தத் தம்பிக்கு அதன் பிறகு பல வாரங்கள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதில் தப்பில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் வந்தது. கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது, அவ்வளவுதான். ஆர்சிங்க் பக்கத்தில் டெலீட் ஆப்ஷனுக்கான பத்தியை எடுத்துப் பாருங்கள். தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து, முதலில் ஒத்திகை ஓட்டம் ஓட்டி எதெல்லாம் அழியும் என்று பாருங்கள் என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. ஒத்திகைக்கான ஆப்ஷன் எது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறது. தேடிப் போன வரிக்குப் பக்கத்து வரியும் கண்ணில் படுகிறதே, வாசிப்பில் கிடைப்பது அதுதான். கேட்டு வாங்கும் பதிலில் பக்கத்து வரி என்று ஒன்று கிடையாது.

இன்னொரு விஷயம், எந்தக் கணினிக்கான பதில் என்பது. ஒரே பெயரில் இருக்கும் கட்டளைகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கோப்பில் சொற்களைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை அங்கேயே திருத்தச் சொல்லும் 'ஐ' ஆப்ஷனை லினக்ஸில் இருக்கும் க்னூ வடிவத்தில் தனியாகக் கொடுத்தால் போதும். மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்த வடிவம். அங்கே அந்த ஆப்ஷனுக்குப் பின்னால் காப்புக் கோப்பின் பின்னொட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால், நீங்கள் மாற்றச் சொல்லி எழுதியதையே பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு விழிக்கும். தேதி காட்டும் கட்டளையிலும் இதே கதை. இணையத்தில் கிடைக்கும் பதில் ஊர் உலகத்துக் கணினிகளின் சராசரி. உங்கள் கணினியில் இருக்கும் கையேடு பெரும்பாலும் அந்தக் கட்டளையோடு ஒரே பொட்டலத்தில் வந்திறங்கியது. உங்களிடம் இருக்கும் பதிப்பைப் பற்றித்தான் அது பேசுகிறது. நெட் இல்லாமலும் பேசும். வங்கி வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், இணையம் எட்டாத சர்வருக்குள் நடுராத்திரியில் தனியாக நிற்பது எப்படி என்று சொல்வார்கள்.

சரி, மேன் பக்கம் வேண்டும் என்பது புரிகிறது, எடிட்டர் எதற்கு? டெர்மினலிலேயே படித்தால் ஆகாதா? ஆகும். அங்கே 'லெஸ்' என்ற நிரல் பக்கத்தைக் காட்டும், அதிலும் தேடலாம், மேலே கீழே போகலாம். ஆனால் அது திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். 'க்யூ' விசையைத் தட்டினால் பெரும்பாலான டெர்மினல்களில் படித்தது அத்தனையும் மறைந்துபோகும். பாதி ஞாபகத்தோடு கட்டளையை அடிப்பீர்கள், மறந்துபோகும், மறுபடி திறப்பீர்கள், மறுபடி தேடுவீர்கள். மூன்றாவது தடவை அலுத்துப்போய் சாட்டைத் திறப்பீர்கள். பக்கங்கள் மோசம் என்று திட்டுகிறவர்களில் பலர் உண்மையில் திட்டுவது இந்த அலைச்சலைத்தான்.

எடிட்டரில் கதையே வேறு. விம்மில் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டளையின் மேல் கர்சரை வைத்துப் பெரிய 'கே'யைத் தட்டினால் அதன் கையேடு வரும். விம்மோடு வரும் மேன் செருகுநிரலை ஒரு வரியில் இயக்கிவிட்டால், பக்கம் தனிச் சாளரமாகப் பிரிந்து உங்கள் ஸ்கிரிப்டோடு நிற்கும். நியோவிம்மில் அந்த ஒரு வரிகூட வேண்டாம், கூடவே வருகிறது. மேன்பேஜர் என்ற சூழல் மாறியில் அதைக் குறித்துவிட்டால், டெர்மினலில் மேன் என்று அடித்தாலும் பக்கம் நியோவிம்முக்குள்தான் திறக்கும். அங்கே சின்ன 'ஜி', பெரிய 'ஓ' இரண்டையும் தட்டினால் பக்கத்தின் பொருளடக்கமே எழுந்து வரும். ஈமேக்ஸில் 'என்', 'பி' விசைகள் அடுத்த பகுதிக்கும் முந்தைய பகுதிக்கும் கூட்டிப் போகும், 'எஸ்' நேராக 'மேலும் காண்க' பகுதியில் இறக்கிவிடும்.

அந்த 'மேலும் காண்க' பகுதிதான் என்னை எடிட்டருக்கு இழுத்தது. கடவுச்சொல் மாற்றும் 'பாஸ்வேர்ட்' கட்டளை கையேட்டின் 1ஆம் பிரிவில் இருக்கிறது. அதே பெயரில் 5ஆம் பிரிவில் இன்னொரு பக்கம் உண்டு. அது கணக்குகள் எழுதப்பட்டிருக்கும் கோப்பின் அமைப்பைச் சொல்கிறது. அங்கிருந்து 3ஆம் பிரிவின் 'க்ரிப்ட்' பக்கத்துக்குப் போனால், கடவுச்சொல்லை உருமாற்றும் சார்பு. விம்மில் கண்ட்ரோலோடு வலது சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் உள்ளே போகலாம், கண்ட்ரோலோடு 'டி' தட்டினால் வந்த வழியே திரும்பலாம். ஒரு கட்டளையைப் பார்க்க உள்ளே போனவன், கணினி ஒரு ரகசியத்தை எப்படிக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறான். அடிக்குறிப்பைத் துரத்திக்கொண்டு போய் விடிய விடிய வேறு புத்தகத்தைப் படித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதே ருசிதான் இது.

இது கொல்லைப்புறக் குறுக்குவழியும் அல்ல. பெல் ஆய்வகத்துக் குழுவினர் தங்கள் பிடிபி-11 கணினியை வாங்க நிர்வாகத்திடம் சொன்ன காரணமே, ஆவணங்களை எழுதி வடிவமைக்கும் கருவி செய்து தருகிறோம் என்பதுதான். ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ய அதைப் பயன்படுத்தியது. அந்தக் காலத்து வடிவமைப்பு நிரல் 'ராஃப்'. அதன் வாரிசுகள்தான் இன்றும் மேன் பக்கங்களை வடிவமைக்கின்றன. தட்டச்சு முனையத்தில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஓர் எழுத்தை அடித்து, ஓரிடம் பின்னால் வந்து, அதன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் திரைகள் வந்த பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. அதனால் பக்கத்தை அப்படியே எடிட்டரில் கொட்டினால் எழுத்துக்கு எழுத்து குப்பைக்குறிகள் தெரியும். அவற்றைத் துடைக்க 'கால்' என்ற தனிக் கட்டளையை இடையில் வைப்பார்கள். இன்றைய எடிட்டர்கள் அந்தக் குறிகளைப் புரிந்துகொண்டு நிறமாகவும் தடிப்பாகவும் மாற்றிவிடுகின்றன.

மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. மேன் பக்கங்கள் படிக்கிற மாதிரி எழுதப்படவில்லை என்பது. பல பக்கங்களுக்கு இது உண்மை. உதாரணம் ஒன்றுகூட இல்லாத பக்கங்கள் இருக்கின்றன. பாஷின் பக்கம் ஆயிரக்கணக்கான வரிகள். க்னூ திட்டம் தன் முழு ஆவணத்தை 'இன்ஃபோ' என்ற வேறு வடிவத்தில் வைத்துக்கொண்டு மேன் பக்கத்தை இரண்டாம்பட்சமாக நடத்துகிறது. மறுபக்கம் ஓபன்பிஎஸ்டி போன்ற திட்டங்கள் கையேட்டில் இருக்கும் பிழையையும் நிரலில் இருக்கும் பிழையைப் போலவே பாவித்துத் திருத்துகின்றன, அவர்களுடைய பக்கங்கள் படிக்கச் சுகமாக இருக்கின்றன. எப்படியிருந்தாலும், பக்கம் நீளம் என்பது எடிட்டருக்கு ஆதரவான வாதமே. நீண்ட பிரதியைக் கையாளத்தானே எடிட்டர் இருக்கிறது? அடையாளம் வைக்கலாம், சாளரத்தைப் பிரித்து இரண்டு இடங்களை ஒப்பிடலாம், வேண்டிய வரியை நகலெடுத்துக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

'டிஎல்டிஆர்' போன்ற சுருக்க உதாரணத் தொகுப்புகளையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் மரபில் சூத்திரத்தை உரை இல்லாமல் படித்தவர்கள் குறைவு. ஆனால் உரையாசிரியர் மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார், வாசகரும் மூலத்தோடு சேர்த்துத்தான் படித்தார். சூத்திரத்தையே அச்சிடாத உரைப் பதிப்பு கடைக்கு வந்தால் நீங்கள் வாங்குவீர்களா?

என் பக்கத்து ஆட்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. புதிதாக வந்தவர் எதையாவது கேட்டால், "போய் மேனுவலைப் படி" என்று ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து விரட்டுவது இந்தத் துறையின் பழைய வியாதி. படிக்கச் சொல்வது தப்பில்லை. எப்படிப் படிப்பது என்று ஒருமுறைகூட உட்கார்ந்து காட்டாமல் விரட்டுவது திமிர். நான் படித்த கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் முதல் பயிற்சியே யுனிக்ஸ் அடிப்படைக் கட்டளைகள்தான். ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டளையையும் அதன் பயனையும் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மேன் கட்டளைக்கே ஒரு மேன் பக்கம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஆங்கிலம் புரியாது என்றும் சொல்வார்கள். என் அனுபவம் நேரெதிர். யூடியூப் வீடியோவின் வேக ஆங்கிலத்தையும், நகைச்சுவை தெளித்து எழுதிய டுடோரியலையும்விட மேன் பக்கத்தின் ஆங்கிலம் எளிது. வாக்கியங்கள் வறண்டவை. ஒரு கைப்பிடிச் சொற்களே திரும்பத் திரும்ப வரும். சட்டகம் மாறாது. பத்துப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தவருக்குப் பதினோராவது பக்கம் பயம் காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பத்தைக் கடத்திவிட ஓர் அண்ணனோ அக்காவோ தேவை. அந்த வேலையைச் செய்யாமல் சாட்டைக் கைகாட்டிவிடுகிறோம். பிறகு, இவனுக்கு எதுவுமே அடிப்படை தெரியவில்லை என்று மீட்டிங்கில் புலம்புகிறோம்.

நாம் படிக்காமல் விட்டால் இந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். எல்லா நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும் என்று டெபியன் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இன்று கன்டெய்னர்களுக்காக வரும் மெலிந்த டெபியன் வடிவங்களில் இடத்தை மிச்சப்படுத்தக் கையேடுகளைத்தான் வெட்டிவிடுகிறார்கள். உபுண்டுவின் கன்டெய்னருக்குள் மேன் என்று அடித்தால், இந்த அமைப்பு சுருக்கப்பட்டது, கையேடுகள் வேண்டுமென்றால் சுருக்கத்தை நீக்கும் கட்டளையை ஓட்டுங்கள் என்று பதில் வரும். புதிய கருவிகள் பலவற்றுக்கு மேன் பக்கமே கிடையாது, வலைத்தளத்துக்குப் போகச் சொல்கின்றன. அந்தத் தளம் பேசுவது புதிய பதிப்பைப் பற்றி. உங்கள் கையில் இருப்பது போன வருடத்துப் பதிப்பு.

எழுதுகிறவர்களின் நிலைமையையும் பாருங்கள். லினக்ஸ் கர்னலின் அழைப்புகளையும் சி மொழி நூலகத்தையும் விளக்கும் மேன் பக்கத் திட்டத்தை 2004 முதல் பல வருடங்கள் சுமந்தவர் மைக்கேல் கெரிஸ்க். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அலெஹாந்த்ரோ கொலோமார். 2024 செப்டம்பரில், ஊதியமில்லாமல் இனி தொடர முடியாது என்று அறிவித்து அவர் வேலையை நிறுத்தினார். பிறகு சில நிறுவனங்கள் பணம் தர முன்வந்து வேலை தொடர்ந்தது. இந்த உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் எதன் மேல் ஓடுகின்றனவோ அதன் கையேடு, ஒரு தனி மனிதரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நமக்குப் பதில் சொல்லும் சாட் நிரல்கள் கற்றுக்கொண்டதும் இப்படிப்பட்ட மனிதர்கள் எழுதிய பக்கங்களிலிருந்துதான். கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிறோம்.

எடிட்டர் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் கடைசிக் காரணம் இங்கே இருக்கிறது. மேன் பக்கத்தின் மூலக்கோப்பு வெறும் எழுத்துதான். புள்ளியில் தொடங்கும் சில குறிகள், நடுவே சாதாரண வாக்கியங்கள். லெஸ்ஸில் ஒரு பிழையைப் பார்த்தால் உச்சுக் கொட்டிவிட்டு 'க்யூ' தட்டுவீர்கள். எடிட்டரில் பார்த்தால் கை தானாகத் திருத்தப் போகும். அந்தத் திருத்தத்தைப் பேட்ச்சாக்கித் திட்டத்துக்கு அனுப்பலாம். பெரிய நிரலுக்குப் பங்களிக்க உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம், ஒரு வாக்கியத்தைத் தெளிவாக்கி எழுத இதைப் படிக்கிற உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

எடிட்டரைப் பற்றி எனக்கு மத நம்பிக்கை கிடையாது. விம்மோ ஈமேக்ஸோ, உங்களுக்குக் கை பழகியது எதுவோ அது. தினமும் யோசிக்காமல் அடிக்கிற கட்டளை ஒன்றை நாளைக் காலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தை உங்கள் கோப்புக்குப் பக்கத்தில் திறந்து, பெயரிலிருந்து குறைகள் வரை ஒரு தடவை படியுங்கள். அரை மணி நேரம் ஆகும். நடுவில் புரியாத இடம் வந்தால் சாட்டில் தாராளமாகக் கேளுங்கள், பக்கத்தை மட்டும் மூடாதீர்கள்.